நெடுந்தீவில் நாற்பதாவது பிள்ளை

நெடுந்தீவுக்குப் போகும் மோட்டார்ப் படகில், அந்த லோஞ்சில், முப்பத்தொரு பேர் இருந்தோம். உட்காரப் பலகை இருபது பேருக்குத்தான். எங்களைத் தவிர ஒன்பது கோழிகள், இரண்டு ஆட்டுக்குட்டிகள், நான்கு மா மூட்டைகள், ஒரு தையல் மெஷின். எங்கள் சிரம்பான் பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் சிறு படகில்கூட இத்தனை பேர்தான் ஏறலாம் என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். இங்கேயும் பலகை இருந்தது. எழுத்துகளை உப்புக்காற்று தின்று முடித்திருந்தது.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று எதிரே நின்று அடித்தது. புங்குடுதீவுக் கரை பின்னால் விலகியதுமே முதல் அலை என் முழங்கால்வரை நனைத்தது. இரண்டாவது அலை மடியில் இருந்த பையை நனைத்தது. லோஞ்சுக்காரர் சுக்கானைப் பிடித்தபடி, "ஐயா, தொப்பியைக் கழட்டி வையுங்கோ. பிறகு என்னோடை கோவிக்கிறேல்லை" என்றார். கையைத் தூக்கினேன். அதற்குள் தொப்பி போய்விட்டது. கோலாலம்பூரில் வாங்கிய நல்ல தொப்பி. கொஞ்ச நேரம் மிதந்து, வந்த கரைக்கே திரும்பிப் போயிற்று. அதற்கு என்னைவிடப் புத்தி இருந்தது.

நான் பிறந்ததும் படித்ததும் படிப்பித்ததும் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றதும் மலாயாவில். இலங்கைக்கு வந்தது இது நான்காவது தடவை. என் தங்கை பொன்னம்மா யாழ்ப்பாண நகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய ஒரே மகன் சிவநேசன் விஞ்ஞானப் பட்டதாரி. ஐந்து வருடமாக நெடுந்தீவில் படிப்பிக்கிறான். அங்கே போகிற ஆசிரியர்கள் வந்து இறங்கிய மறுநாளே மாற்றத்துக்கு எழுதத் தொடங்குவார்களாம். இவன் எழுதவில்லை. இப்போது நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்று பௌதிகம் படிப்பிக்க அவனைத் தானாகவே கேட்டிருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். அதற்கும் இவன் எழுதவில்லை.

"அண்ணை, நீங்கள் சொன்னால் கேப்பான். நீங்களும் வாத்தியார்தானே. காதிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று தங்கை அழுதாள். ஆகவே வந்தேன்.

தையல் மெஷினை அணைத்துக்கொண்டிருந்தவர் என் காலில் நனைந்திருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"மலாயாப் பென்சனியரோ?"

"ஓம்."

"ஆரிட்டைப் போறியள்?"

"சிவநேசன் மாஸ்டரிட்டை. என்ரை மருமகன்."

லோஞ்சில் பேச்சு நின்றது. கோழிக்காரப் பெண்மணி கூடையை இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். மெஷின்காரர் கேட்டார்: "மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போகவோ வந்தனீங்கள்?"

"சும்மா பாக்க வந்தனான்."

"சும்மா பாக்க வாற ஆக்கள் சோளகத்துக்கை வரமாட்டினம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

சிவநேசனுக்கு முன்பு விஞ்ஞான ஆசிரியர்கள் ஆறு பேர் வந்தார்களாம். ஒருவர் செவ்வாய்க்கிழமை வந்து வியாழக்கிழமை போய்விடுவார். ஒருவருக்குக் கடல் ஒத்துவரவில்லை. ஒருவர் கொண்டுவந்த பெட்டியைத் திறக்கவேயில்லை. "அரசாங்கம் ஆரோடையும் கோவிச்சால்தான் ஐயா எங்களுக்கு ஒரு வாத்தியார் கிடைக்கும். வாத்தியாருக்குத் தண்டனை, எங்களுக்குப் படிப்பு" என்றார் மெஷின்காரர். பகாங்கின் உட்பகுதிக்குப் போகும் ஆசிரியருக்கு எங்கள் அரசாங்கம் வீடும் மேலதிகச் சம்பளமும் கொடுத்துப் பார்த்தது, அவர்களும் நிற்பதில்லை என்றேன். அது அவருக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் சிவநேசன் சைக்கிளோடு நின்றான். கறுத்திருந்தான். கொஞ்சம் கொழுத்தும் இருந்தான். அதன் காரணம் பின்னர் தெரிந்தது. பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். வழி நெடுக, பவளப் பாறையிலிருந்து எடுத்த முருகைக்கல் மதில்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின் மேல் கல், அவ்வளவுதான். ஒரு மதிலில் எத்தனை கல் என்று எண்ணத் தொடங்கி, மாடு ஒன்று குறுக்கே வந்ததால் கணக்கை விட்டேன்.

அவன் வீட்டில் குசினி இருந்தது. அடுப்பில் சாம்பல் இல்லை. முறை வைத்து ஒவ்வொரு வீட்டாரும் சாப்பாடு கொடுத்துவிடுகிறார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு தூரத்தில்; தண்ணீரும் முறைப்படி வந்துவிடுகிறது. அன்று வந்தது பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை என்று ஒன்பது சாமான்கள்வரை அடையாளம் கண்டேன். பத்தாவது உறைப்பு. அது கண்ணில் தெரியாமல் தொண்டையில் தெரிந்தது.

"இப்பிடிச் சாப்பாடு போட்டுத்தான் உன்னைக் கட்டி வைச்சிருக்கினமோ?" என்று கேட்டேன்.

"என்னை ஆரும் கட்டேல்லை மாமா. பிள்ளையளைத்தான் கட்டியிருக்கினம்" என்றான்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான்.

மழை பொய்த்த வருடங்களில் நெடுந்தீவில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஆள் கறவைப் பசுவை அக்கரைக்கு விற்றால், தீவில் குழந்தைகளுக்குப் பால் இராது. ஆகவே ஊர் கூடிக் 'கட்டு'ப் போடும். சைவர்கள் கற்பூரத்தில் கையடித்துச் சத்தியம் செய்வார்கள். கத்தோலிக்கர்கள் மெழுகுதிரி கொளுத்துவார்கள். துறையில் ஒரு கம்பத்தில் பனங்குருத்தை முடிந்துவிடுவார்கள். அது அங்கே இருக்கும்வரை எந்தப் படகும் பசுவை ஏற்றாது. மீறியவனுக்குத் தண்டம் இல்லை, ஏச்சும் இல்லை. அவனுக்கு ஒருவரும் தோள் கொடுக்கமாட்டார்கள். கடற்றொழில் செய்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இந்தக் கரை முழுக்க முருகைக்கல். சோளகத்தில் வள்ளத்தைத் தண்ணீரிலேயே விட்டுவைத்தால் கல்லில் மோதிப் பலகை பிரிந்துவிடும். அதைக் கரையேற்ற எட்டுத் தோள் வேண்டும்.

இந்த வருடம் அந்தக் கட்டை மாட்டுக்குப் போடாமல் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் வகுப்பில் புலமைப் பரிசில் சோதனை. தேறும் பிள்ளையை அரசாங்கம் தன் செலவில் நகரத்து விடுதிக் கல்லூரிக்கு எடுத்துக்கொள்ளும். வருடாவருடம் இந்தப் பள்ளிக்கூடத்தின் நல்ல பிள்ளைகள் இரண்டோ மூன்றோ அப்படிப் போய்விடும். இப்போது கல்விக் கந்தோர், அதாவது கல்வி அலுவலகம், சொல்லியிருக்கிறது: ஆறாம் வகுப்பிலிருந்து மேலே நாற்பது பிள்ளைகள் இல்லாவிட்டால், அடுத்த வருடம் விஞ்ஞானப் பட்டதாரி இல்லை. வரும் வருடத்துக்கு மேல் வகுப்புகளில் மிஞ்சுவது முப்பத்து மூன்று. ஐந்தாம் வகுப்பில் இருப்பது ஏழு. ஏழும் மேலே ஏறினால் சரியாக நாற்பது. ஒன்று போனாலும் முப்பத்தொன்பது. ஆகவே ஒரு பிள்ளையும் சோதனைக்குப் போவதில்லை என்று ஊர் கையடித்துவிட்டது. சோதனை மண்டபம் புங்குடுதீவில். படகு ஏற்றாவிட்டால் பிள்ளை எப்படிப் போகும்?

"பத்து வயதுப் பிள்ளையை மாடு மாதிரிக் கட்டுறதோ? நீ என்ன சொன்னனீ?"

"போடச் சொல்லேல்லை. வேண்டாமெண்டும் சொல்லேல்லை." அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாமா, முதல் கெட்டிக்காரப் பிள்ளை போகுது. பிறகு அதின்ரை தம்பி போகுது. பிறகு குடும்பமே போகுது. நல்லதுகளைப் பொறுக்கி எடுத்துப்போட்டு, மிச்சத்தைப் பாத்து, இது உதவாத பள்ளிக்கூடம் எண்டு சொல்லுகினம். உதவாத பள்ளிக்கூடத்துக்கு ஆர் வருவினம்?"

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் நாட்டில் ஆறாம் வகுப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாரும் மேலே ஏறுகிறார்கள். நான் ஓய்வு பெறும்போது ஒரு வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். "கெட்டிக்காரன் கொட்டாவி விடுறான், மந்தமானவன் நித்திரை கொள்ளுறான். இதுதானோ நியாயம்?" என்றேன்.

"முந்தி அவன் பன்னிரண்டு வயசிலை வீட்டை போனவன். இப்ப வகுப்பிலையாவது நித்திரை கொள்ளுறான்" என்றான் சிவநேசன்.

நானும் ஒரு சோதனையால் பொறுக்கி எடுக்கப்பட்டவன்தான். ரயில்வேக் குடியிருப்பின் தமிழ்ப் பள்ளியில் என் வகுப்பில் பதினெட்டுப் பேர். ஆங்கிலப் பள்ளிக்குப் போனது நான் ஒருவன். அந்தச் சோதனை இல்லாவிட்டால் என் தகப்பனைப் போல நானும் சிக்னல் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருப்பேன். படுத்த பிறகு மற்றப் பதினேழு பேரையும் எண்ணிப் பார்த்தேன். நான்கு பேருடைய பெயர்தான் வந்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீண்ட ஓட்டுக் கட்டிடம் ஒன்று. வகுப்புகளைப் பிரிக்க ஓலைத் தட்டி. மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடு ஏழாம் வகுப்பின் பூமிசாஸ்திரத்துக்குள் வந்து விழுந்தது. சிவநேசன் ஒரு பழைய சைக்கிள் சில்லை முளையில் மாட்டிச் சுழற்றி விசையும் வேகமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். நான் முப்பத்தாறு வருடம் படிப்பித்தவன். நல்ல வகுப்பு எது என்று எனக்குத் தெரியும். அது எனக்குப் பிடிக்கவில்லை. இவனை இங்கிருந்து எப்படிக் கிளப்புவது?

ஐந்தாம் வகுப்பில் பிலோமினா என்ற சிறுமியைக் காட்டினான். கடற்றொழில் செய்யும் மரியதாசின் மகள். மெலிந்த பிள்ளை, இரட்டைப் பின்னல். பழக்க தோஷம் என்னை விடவில்லை. ஒரு கணக்குக் கேட்டேன். சிரம்பானிலிருந்து ஒரு ரயில், கிள்ளானிலிருந்து ஒரு ரயில், இரண்டும் எங்கே சந்திக்கும்?

"ரயில் வழியிலை நிக்குமோ சேர்?"

"நிக்காது."

"அப்ப ஆக்கள் எப்பிடி இறங்குறது?"

வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நிற்காத ரயிலை எனக்காக மன்னித்து, விடையைச் சொன்னாள். சரியான விடை. இரண்டாவது கணக்குக்கும் சரி. மூன்றாவதற்கு நானே கடதாசி கேட்க வேண்டியிருந்தது.

"சோதனை எழுத விருப்பமோ பிள்ளை?"

அவள் சிவநேசனைப் பார்த்தாள். "கட்டுப் போட்டிருக்கினம்" என்றாள்.

கட்டுப் போடுமுன்பே தலைமையாசிரியர் ஏழு பிள்ளைகளின் பெயரையும் அனுப்பிவிட்டார். அனுமதி அட்டைகள் வந்து அவருடைய மேசை லாச்சியில் கிடந்தன. கேட்டால் கொடுப்பாராம். கேட்க ஆளில்லை.

மறுநாள், கட்டுப் போட முன்மொழிந்த சங்கரப்பிள்ளையார் என்னைத் தயிர் சாப்பிடக் கூப்பிட்டார். நிறைய மாடுகளும் நிலமும் உள்ளவர். முரடராக இருப்பார் என்று எண்ணிப் போனேன். இல்லை. கதிரையைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் என்னை இருக்கச் சொன்னார். கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட கை ஒன்று தயிர்க் கிண்ணத்தை நீட்டியது. கரண்டி நிமிர்ந்து நிற்கும் தயிர். மலாயாவில் தகர டப்பாப் பாலில் வாழ்கிற எனக்கு இரண்டாவது கிண்ணமும் தேவைப்பட்டது.

"என்ரை பொடியனை நான் நாளைக்கே யாழ்ப்பாணத்திலை விடுதியிலை விடுவன். எனக்கு வசதி இருக்கு" என்றார். "ஆனா வசதி இருக்கிறவன் எல்லாம் போனால் இஞ்சை மிஞ்சுறது ஆர்? அதுதான் இஞ்சையே படிக்கட்டும் எண்டு வைச்சிருக்கிறன்."

"அந்த மரியதாசின்ரை பிள்ளை..."

"கெட்டிக்காரி. ஊரிலை எல்லாருக்கும் தெரியும். அதாலைதானே கட்டு! மந்தமான பிள்ளைக்கு ஆர் கட்டுப் போடுவினம்? ஒண்டு குறைஞ்சால் உங்கடை மருமகன் போயிடுவார். முப்பத்தொன்பது பிள்ளையளுக்கும் நான் என்ன சொல்லுறது?"

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க வீடு வந்து சேரும்வரை முயன்றேன். முடியவில்லை. பிழை இல்லாத பேச்சு ஒன்றுக்காக அந்தச் சிறுமி கரையில் நிற்கிறாளே என்பதும் மனதை விட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மரியதாசின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். மனைவி திரேசம்மா கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். தட்டில் நாற்பத்திரண்டு மீன்கள். என் மனதில் இருந்ததை நேரே சொன்னேன். பிள்ளையை அனுப்பும். அவள் போனால் என் மருமகனும் வீடு வந்து சேருவான், அந்த ஆசையும் எனக்கு உண்டு, ஒளிக்கவில்லை. ஆனால் அது இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லுவேன்.

மரியதாஸ் நிமிரவில்லை. "ஐயா, மெழுகுதிரி முதல் கொளுத்தினவன் நான். அண்டைக்கு இவள் சோதனைக்கு இவ்வளவு ஆசைப்படுவாள் எண்டு எனக்குத் தெரியாது. வாக்குக் குடுத்திட்டன். நாளைக்கு வள்ளத்துக்குத் தோள் தராட்டி நான் என்னத்தைத் தின்னுறது?"

"நீர் சொல்லுறது விளங்குது. ஆனா இந்த வருஷம் போனால் அந்தப் பிள்ளைக்கு இந்தச் சோதனை திரும்பி வராது."

"தெரியும் ஐயா."

திரேசம்மா ஒரு மீனைத் திருப்பினாள். "கையடிச்சது இவர். கொளுத்தினது இவர். என்னை ஆரும் கேக்கேல்லை. கூட்டத்துக்கு ஆம்பிளையளைத்தானே கூப்பிட்டவை? அப்ப என்ரை வாக்கு என்னட்டைத்தான் இருக்கு" என்றாள்.

"சும்மா இரப்பா" என்றார் மரியதாஸ்.

"சும்மாதான் இருக்கிறன். கருவாடுதானே திருப்புறன்."

சனிக்கிழமை விடியும்போது நானும் சிவநேசனும் கரைக்குப் போனோம். சோதனை அன்றுதான். குருத்து கம்பத்தில் காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. லோஞ்சுக்காரர் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி, "இண்டைக்கு இது ஓடாது" என்று பிலோமினாவுக்குக் கேட்கும்படி சொன்னார். (மத்தியானம் அது நன்றாகவே ஓடியது.) திரேசம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு கையில் அனுமதி அட்டை; தலைமையாசிரியரை எழுப்பிக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"நீந்திப் போகப்போறியளோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ரை மனிசன் ஏத்தாட்டி நீந்துவம்" என்றாள்.

மரியதாஸ் வள்ளத்தருகே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். பீடி முடிந்தது. இன்னொன்று எடுத்தார், பற்றவைக்காமல் காதில் செருகினார். பிறகு வள்ளத்தின் மூக்கில் கையை வைத்தார். தண்ணீருக்கு இறக்குவது சுலபம். சரிவில் தானாகவே வழுகும். திரேசம்மாவும் சிவநேசனும் தள்ளினார்கள். பிலோமினா தாய் தகப்பனோடு ஏறினாள். சிவநேசன் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: "கேள்வியை ரெண்டு தரம் வாசி."

இந்த வள்ளம் போனால் தன் வகுப்பும் போகும் என்று தெரிந்தே அவன் தள்ளினான். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டது நடக்கிறது; ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

போகும்போது காற்று அவர்கள் பக்கம். பாய் விரித்துப் போய்விட்டார்கள். வரும்போது அதே காற்று எதிரி. இரவு புங்குடுதீவில் உறவினர் வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை தண்டு வலித்து வந்தார்கள். கத்தோலிக்கக் கோவிலில் பூசை முடிந்து ஆட்கள் கரைக்கு வந்திருந்த நேரம். வெள்ளைச் சட்டைகளை எண்ணினேன்: இருபத்தாறு. மேட்டில் சங்கரப்பிள்ளையாரும் நின்றார். எல்லாரும் வள்ளத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

மரியதாஸ் யாரையும் கூப்பிடவில்லை. அவரும் திரேசம்மாவும் தண்ணீரில் குதித்தார்கள். சிவநேசன் காற்சட்டையை மடித்துக்கொண்டு ஓடினான். தலைமையாசிரியர் சால்வையைக் கழற்றி மணலில் வைத்தார். நான் குடையை மணலில் குத்திவிட்டு இறங்கினேன். ஐந்து பேர், அதில் நான் அரை ஆள். பிலோமினாவும் பின்னால் கையை வைத்தாள். தூக்கினோம். வள்ளம் ஒரு விரல் அசைந்தது. அலை வந்து அதைப் பக்கவாட்டில் கல்லோடு சாத்தியது. பலகை கிறீச்சிட்டது. மரியதாசின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

திரேசம்மா வள்ளத்தை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்து நிமிர்ந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தாள்.

"சங்கரப்பிள்ளை ஐயா! ஒண்டு குறையுது எண்டுதானே இந்தக் கட்டு? உங்கடை வீட்டிலை ஒண்டு இருக்கே, அதை எண்ணினனீங்களோ? வடக்குத் தெருவிலை அந்தோனி வீட்டிலை ரெண்டு இருக்கு. கிணத்தடி வீட்டிலை ஒண்டு. பெரிய பிள்ளையானதும் மறிச்சு வேலிக்குள்ளை இருத்திப்போட்டு, என்ரை பிள்ளையை மட்டும் விரல் விட்டு எண்ணுறியளோ? எண்ணுறதெண்டால் எல்லாத்தையும் எண்ணுங்கோ!"

வெள்ளைச் சட்டைகள் சங்கரப்பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தன.

நான் கோழிகளை எண்ணினேன், மூட்டைகளை எண்ணினேன், கூழில் கிடந்த சாமான்களை எண்ணினேன். சீலைக்குப் பின்னாலிருந்து தயிர் நீட்டிய கையில் எத்தனை வளையல் என்றும் எண்ணினேன், நான்கு. அந்தக் கைக்குரிய பெண்பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று கேட்கவில்லை. நான் மட்டுமல்ல. கந்தோர் எண்ணவில்லை. நாற்பதுக்காகப் பிள்ளைகளைக் கட்டிப் போட்ட ஊரும் எண்ணவில்லை. வாத்தியாரைத் தக்க வைக்கத் தண்ணீர் சுமந்தார்கள். தங்கள் வேலிக்குள் பார்க்கவில்லை.

இரண்டாவது அலை வந்தது. மறுபடி கிறீச்.

சங்கரப்பிள்ளையார் வேட்டியை மடித்துக் கட்டினார். இறங்கி வந்து எனக்கு முன்னால் தோளை வைத்தார். பிறகு திரும்பி, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பென்சனியர் செத்துப்போகப் போறார், வாங்கோ!" என்று கத்தினார். வெள்ளைச் சட்டைகள் இறங்கின. நான் எண்ணி முடிக்குமுன் வள்ளம் மேலே போய்விட்டது.

மூச்சு வாங்கியபடி அவர் பிலோமினாவைப் பார்த்தார்.

"சோதனை வடிவாச் செய்தனியோ?"

"ஓம்."

"எல்லாக் கணக்கும்?"

"ஒண்டு சந்தேகம்."

"ஒண்டுக்கு மேலை சந்தேகம் வைக்காதை. கட்டையும் உடைச்சுப்போட்டுப் பெயில் எண்டு வந்து நிண்டால் இந்த வள்ளத்தைத் திருப்பித் தண்ணியிலை தள்ளிப்போடுவன்."

மரியதாஸ் காதிலிருந்த பீடியைத் தேடினார். அது எப்போதோ கடலில் விழுந்திருந்தது. யாரோ ஒன்று கொடுத்தார்கள்.

மத்தியானம் சிவநேசனிடம் கடைசித் தடவையாகக் கேட்டேன். அவள் தேறுவாள், அது நிச்சயம். முப்பத்தொன்பது என்று கந்தோர் உன்னை எங்கேயாவது தூக்கிப் போடும். அதற்கு முன் நல்ல இடம் இருக்கும்போது வா.

"முப்பத்தொன்பது எண்டு ஆர் சொன்னது?" என்றான். "பின்னேரம் வடக்குத் தெருவுக்குப் போறன். வீடு வீடாக் கேக்கப்போறன். நீங்களும் வாங்கோ மாமா. நரைச்ச தலை ஒண்டு கூட நிண்டால் நல்லது."

"உன்ரை அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"நான் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. லீவுக்கு வந்து அவவின்ரை ஏச்சை நேரிலை கேக்கிறன்."

போனேன். அவனைக் கூட்டிப்போக வந்தவன் அவனோடு வேலி வேலியாக நின்றேன். அந்தோனி வீட்டில் தேநீர் கொடுத்து, கலியாணத்துக்குப் பேசுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கிணற்றடி வீட்டில் தகப்பன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் பார்வை யோசிக்கிற பார்வை இல்லை. சங்கரப்பிள்ளையாரின் படலைக்கு முன்னால் சிவநேசன் நிற்காமல் நடந்தான். "அங்கை நான் கேக்க ஏலாது. கேக்க வேண்டினதை இண்டைக்குக் கரையிலை கேட்டாச்சு" என்றான்.

நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதா, எல்லாரையும் ஒன்றாக வைப்பதா என்று நானும் அவனும் ஒரு வாரமாகச் சண்டை பிடித்தோம். இரண்டு கட்சியும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான். திரும்பும் வழியில் அதைச் சொன்னேன்.

திங்கட்கிழமை லோஞ்சுக்கு நேரம் இருந்ததால், விடைபெற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சிவநேசன் எட்டாம் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாசலில் செருப்புச் சத்தம். சங்கரப்பிள்ளையார். அவருக்குப் பின்னால், பதின்மூன்று பதினான்கு வயதில், தாவணி போட்ட ஒரு பெண். கையில் ஒரு கொப்பி. வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அவர் ஓலைத் தட்டியைப் பார்த்துப் பேசினார். "மாஸ்டர், இவ எண்ணிக்கைக்கு மட்டும்தான். வேறை ஒண்டும் இல்லை. பெயரைப் பதிஞ்சுகொள்ளுங்கோ."

"பதியிறன்" என்றான் சிவநேசன். "பெயர் என்ன பிள்ளை?"

"மங்கையர்க்கரசி."

உட்காரும் வாங்குப் பலகைகளில் இடம் இல்லை. அவள் தட்டியோரமாக நின்றாள். சங்கரப்பிள்ளையார் முன் வாங்கில் இருந்த தன் மகனைப் பார்த்தார்.

"எழும்படா."

"நான் எங்கை ஐயா இருக்கிறது?"

"நில்."

அவன் எழுந்தான். இரண்டு பையன்கள் தாங்களாகவே பின்னுக்கு ஒதுங்கினார்கள். அவள் போய் இருந்தாள். கொப்பியைத் திறந்தாள், பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். எழுத ஒன்றும் கொண்டுவரவில்லை.

சங்கரப்பிள்ளையார் வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்த தன் பேனையை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். எண்ணிக்கைக்கு மட்டும் வந்த பிள்ளைக்குப் பேனை எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.